மடையை அடைக்காமல் தண்ணீர் இறைத்த கதை: பிளாஸ்டிக் ஒப்பந்தமும் நம் கொல்லிமலையும்



பிளாஸ்டிக் மாசுக்கு முடிவு கட்ட உலக நாடுகள் ஒன்றுகூடி ஓர் ஒப்பந்தம் போடப் பார்க்கின்றன. 2025 ஆகஸ்டில் ஜெனிவாவில் நடந்த கூட்டமும் ஒப்பந்தம் இல்லாமல் கலைந்தது. அந்தச் செய்தியை நம் குழுவில் ஒருவர் பகிர்ந்தபோது, "இதுக்கும் நம்ம மலைக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. வகுப்பில் கேட்டிருந்தால் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருப்பேன். இங்கே எழுதித்தான் விளக்க வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சம்பந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாயகங்கை. சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிற அந்தத் தண்ணீர் நம் ஐயாற்றின் தண்ணீர். அருவியாக விழுந்து, காட்டுக்குள் ஓடி, புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குள் போய், முசிறிப் பக்கம் காவிரியில் கலக்கிறது. காவிரி எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அருவிக் கரையில் ஒருவர் குளித்துவிட்டுப் போட்டுப்போகும் ஷாம்பு பாக்கெட்டுக்கு வங்கக் கடல் வரை நேர்வழி இருக்கிறது. பாஸ்போர்ட் கேட்க யாரும் இல்லை. ஒரு நாட்டின் குப்பை இன்னொரு நாட்டின் கரையில் ஒதுங்குவது இப்படித்தான். அதனால்தான் இது தனி நாடுகளின் பிரச்சினையாக இல்லாமல் உலகப் பேச்சுவார்த்தை ஆனது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

பொருள் எப்படி வந்தது?

முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக் பேக்லைட். லியோ பேக்லேண்ட் என்பவர் 1907-இல் கண்டுபிடித்தார். பழைய கறுப்பு டெலிபோன், மின்சார சுவிட்சு எல்லாம் அதில் செய்தவை. நாம் பாலிதீன் என்று சொல்கிற பொருள் 1933-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. இன்று கடையில் தரும் கைப்பிடி வைத்த பைக்கு 1965-இல் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று காப்புரிமை பெற்றது. 1950-இல் உலகம் முழுவதும் உற்பத்தியான பிளாஸ்டிக் ஏறத்தாழ 20 லட்சம் டன். 2019-இல் அது 46 கோடி டன். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு கணக்கிட்டுச் சொன்ன எண் இது. குப்பையாகும் பிளாஸ்டிக்கில் மறுசுழற்சியாவது சுமார் 9 சதவீதம்தான் என்பதும் அதே கணக்கு.

நம் தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஒரு முக்கியமான இடம் உண்டு. பலருக்குத் தெரியாது. இந்தியா முழுக்கப் பெட்டிக்கடைகளில் தோரணமாகத் தொங்குகிறதே சின்னச் சின்ன ஷாம்பு பாக்கெட், அந்த யோசனை வேர்விட்டது கடலூரில். சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர் வாங்குகிற பொருளை ஏழையும் வாங்க வேண்டும் என்று சொல்லி, பொருட்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டுபோனார். காலி பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்று அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். அது விற்பனைக்காகச் செய்த உத்தி. ஆனாலும் அந்தத் திட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் ஆசிரியனாக இந்த மலைக்கு வந்தது 1980-களின் நடுவில். அப்போது சந்தைக்குப் போகிறவர் கையில் மூங்கில் கூடையோ சாக்குப்பையோ இருக்கும். எண்ணெய்க்குத் தூக்குப் போசி. மிளகு, கடுகு எல்லாம் காகிதப் பொட்டலம். கறி வாங்கினால் இலையில் மடித்துக் கட்டித் தருவார்கள். விதைச் சாமையைச் சுரைக்குடுக்கையில் போட்டு வாயை அடைத்து வைத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எறிந்தால் மண்ணாகிற பொருட்களோடு வாழ்ந்த மக்களுக்கு, எறிவது ஒரு குற்றமாகவே தோன்றியிருக்க முடியாது. வாழையிலையை எறிந்த அதே கை, அதே இடத்தில் பாலிதீன் பையையும் எறிந்தது. பழக்கம் மாறவில்லை, பொருள்தான் மாறியது. "மலைவாசிகளுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று கீழேயிருந்து வந்து பேசுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் எப்படி வந்தது?

இந்தியாவில் பிளாஸ்டிக் பைக்கான முதல் மத்திய விதி 1999-இல் வந்தது. பை 20 மைக்ரானுக்கு மெல்லியதாக இருக்கக்கூடாது என்றது. மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் நோட்டுப் புத்தகத் தாள் ஏறத்தாழ 100 மைக்ரான் இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கனம் என்றால் பை எவ்வளவு மெல்லியது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு 2011-இல் 40 மைக்ரான். 2016-இல் 50. 2021 செப்டம்பர் 30 முதல் 75. 2022 டிசம்பர் 31 முதல் 120.

ஏன் கனத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்? காரணம் இருக்கிறது. மெல்லிய பையைக் குப்பை பொறுக்குகிறவர்கள் எடுக்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கில் சேர்த்தாலும் எடை வராது, காசும் வராது. கனமான பை என்றால் எடை வரும். தயாரிக்கச் செலவாகும் என்பதால் கடைக்காரரும் இலவசமாக அள்ளிக் கொடுக்க மாட்டார். கணக்குச் சரிதான். ஆனால் இருபத்துமூன்று வருடத்தில் நான்கு முறை அளவை மாற்ற வேண்டி வந்தது. பை முன்னால் ஓட, விதி பின்னால் துரத்தியது. அதுதான் அந்த ஐந்து எண்கள் சொல்லும் கதை.

இதற்கிடையில் மலைகள்தான் முதலில் விழித்துக்கொண்டன. 2000-ஆம் ஆண்டை ஒட்டி நீலகிரி மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு, பிளாஸ்டிக்குக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். மாநிலமே யோசிக்காத காலம் அது. மலையில் குப்பையைக் கொட்ட இடம் கிடையாது. கொட்டினால் ஓடையில் இறங்கும், இல்லையென்றால் மாடும் காட்டெருமையும் தின்னும். சமவெளிக்காரருக்குக் குப்பை ஊருக்கு வெளியே போய்விடும். மலைக்காரருக்கு வெளியே என்று ஓர் இடமே இல்லை.

மாநிலம் முழுவதற்கும் தடை வர மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் கைப்பை, தட்டு, குவளை, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் என 14 வகைப் பொருட்களுக்குத் தடை. எந்த மைக்ரானாக இருந்தாலும் பைக்குத் தடை என்பதுதான் இதில் சிறப்பு. மைக்ரான் துரத்தலிலிருந்து தமிழ்நாடு வெளியே வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கினார். கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்த பையை "பட்டிக்காட்டுப் பை" என்று கேலி செய்த தலைமுறையைத் தாண்டி, அதே பை அரசு மரியாதையோடு திரும்பி வந்தது. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் 19 வகை ஒருமுறைப் பொருட்களைத் தடை செய்தது.

இத்தனை தடையிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தயாரிக்கும் இடத்திலேயே அடைத்து வருகிற பாக்கெட்டுகளை இந்தத் தடைகள் வந்தபோது தொடவில்லை. 2019-இல் நம் தடை வந்தபோது பால், எண்ணெய் உறைகளுக்கு விலக்கு இருந்தது. சிப்ஸ், பிஸ்கட், பாக்கு, ஷாம்பு இவையெல்லாம் பல அடுக்கு உறையில் வருகின்றன. பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது கடினம். மத்திய அரசின் 2016 விதிகள் இந்தப் பல அடுக்கு உறையை இரண்டே ஆண்டில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தன. துணிச்சலான வரி அது. இரண்டு ஆண்டு முடிகிற சமயம், 2018 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. மறுசுழற்சி செய்ய முடியாத, எரித்து ஆற்றல் எடுக்க முடியாத, வேறு எதற்கும் பயன்படாத உறையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று மாற்றினார்கள். எரிந்தால் போதும், தப்பித்துவிடலாம் என்று ஆயிற்று. அதனால்தான் அந்தத் தோரணம் இன்னும் நம் பெட்டிக்கடைகளில் தொங்குகிறது.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். விடுமுறை நாளிலும், ஆடி 17, 18 வல்வில் ஓரி விழாவிலும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அடிவாரத்தில் காரவள்ளியில் பையைச் சோதிக்கலாம், தண்ணீர்ப் பாட்டிலைப் பறிக்கலாம். ஆனால் முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்குப் பாதை இருக்கிறது. அதையும் அடைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செம்மேட்டுக் கடைக்கும் சோளக்காட்டுச் சந்தைக்கும் சரக்கு ஏற்றி வரும் வண்டியில் பாக்கெட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. 

விளைவு என்ன? கட்டைப்பையில் இட்லி கட்டிக்கொண்டு வந்த பாட்டியிடம் பாலிதீன் உறையைப் பிடுங்கி அபராதம் போடலாம். அதே பாட்டி கடையில் வாங்குகிற பிஸ்கட் உறையைச் செய்தவரை யாரும் கேட்கமாட்டார்கள். தடையின் முழுப் பாரமும் கடைசியில் நிற்கிறவர் தலையில் விழுகிறது. மேல் மடை திறந்து கிடக்கிறது, கீழே வயலில் நின்று நாம் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறோம். இறைப்பது தப்பில்லை, இறைக்கத்தான் வேண்டும். ஆனால் மடையை அடைக்காமல் இறைத்து முடிந்ததாக எந்த விவசாயியும் சொல்லிக் கேட்டதில்லை.

இதே கேள்விதான் உலக அளவிலும் நிற்கிறது. ஜெனிவாவில் கூட்டம் முறிந்ததும் இந்த இடத்தில்தான்.

உலகம் என்ன பேசியது?

2019-இல் நைரோபியில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பற்றிய தீர்மானத்தை முன்வைத்ததே இந்தியாதான். பெருமைப்பட வேண்டிய விஷயம். 2022 மார்ச் 2 அன்று அதே நைரோபியில் 175 நாடுகள் கூடி, பிளாஸ்டிக் மாசுக்கு முடிவு கட்டச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் தேவை என்று தீர்மானித்தன. 2024 முடிவுக்குள் பேசி முடிக்க வேண்டும் என்பது இலக்கு. அந்தத் தீர்மானத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: பிளாஸ்டிக்கின் முழு வாழ்க்கைச் சுழற்சி. பிறப்பிலிருந்து குப்பையாகும் வரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று பொருள். பிற்பாடு நடந்த சண்டை எல்லாம் இந்த ஒரு சொற்றொடரின் பொருள் பற்றித்தான்.

இந்தத் தீர்மானத்துக்கு முன்கை எடுத்த இரண்டு நாடுகள் எவை தெரியுமா? ருவாண்டாவும் பெருவும். ருவாண்டாவுக்குக் கடற்கரையே கிடையாது. ஆயிரம் குன்றுகளின் நாடு என்று அதற்குப் பெயர். 2008-லேயே பிளாஸ்டிக் பையைத் தடை செய்த நாடு. மலைக்காரர்களுக்குத்தான் முதலில் உறைக்கும் என்று நீலகிரியை வைத்துச் சொன்னேனே, உலக அளவிலும் அதுவே நடந்திருக்கிறது.

பேச்சுவார்த்தைக் குழு கூடிய ஊர்களை வரிசையாகச் சொல்கிறேன். 2022 நவம்பரில் உருகுவே நாட்டின் புந்தா தெல் எஸ்தே. 2023 மே மாதக் கடைசியில் பாரிஸ். அதே ஆண்டு நவம்பரில் நைரோபி. 2024 ஏப்ரலில் கனடாவின் ஒட்டாவா. 2024 நவம்பரில் தென்கொரியாவின் பூசான். அதுதான் கடைசி என்று சொல்லப்பட்டது, முடியவில்லை. 2025 ஆகஸ்ட் 5 முதல் ஜெனிவா. 14-ஆம் தேதி முடிய வேண்டியது 15-ஆம் தேதி காலை வரை இழுத்தும் ஒப்பந்தம் வரவில்லை. கூட்டத்தின் தலைவர், ஈக்வடார் நாட்டின் லூயிஸ் வாயாஸ் வால்டிவியேசோ, இரண்டு வரைவுகளை முன்வைத்தார். எதையும் எல்லோரும் ஏற்கவில்லை. அக்டோபரில் அவர் பதவி விலகினார்.

சண்டை எதில்? இரண்டு அணிகள். ருவாண்டாவும் நார்வேயும் முன்நின்று நடத்தும் அணி, உற்பத்தியையே குறைக்க வேண்டும் என்கிறது. பூசானில் பனாமா நாடு, உற்பத்தியைக் குறைக்க உலக இலக்கு வேண்டும் என்று முன்வைத்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஆதரித்தன. மறு அணியில் சவூதி அரேபியா, குவைத், ரஷ்யா, ஈரான் போன்ற எண்ணெய் வள நாடுகள். பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருவது. குப்பையை ஒழுங்காகக் கையாண்டால் போதும், உற்பத்தியில் கை வைக்காதீர்கள் என்பது இவர்களின் வாதம்.

இந்தியா எங்கே நின்றது? பெரும்பாலும் இரண்டாம் அணியின் பக்கம். உற்பத்திக்கு உச்சவரம்பு வேண்டாம், எந்தப் பொருளை நிறுத்துவது என்று உலகப் பட்டியல் வேண்டாம், அந்தந்த நாடு தன் நிலைமைக்கு ஏற்ப முடிவு செய்யட்டும், வளரும் நாடுகளுக்குப் பணமும் தொழில்நுட்பமும் தாருங்கள், எல்லா முடிவும் ஒருமித்த கருத்தால் எடுக்கப்பட வேண்டும் என்பது இந்தியாவின் நிலை.

இதைக் கேட்டதும் சிலர் கோபப்படுவீர்கள், சிலர் சரி என்பீர்கள். கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். இந்தியாவின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஓர் அமெரிக்கர் ஓராண்டில் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் சிறு பங்குதான் ஓர் இந்தியர் பயன்படுத்துவது. சொட்டுநீர்ப் பாசனக் குழாய், குடிநீர்க் குழாய், ரத்தப் பை, ஊசி, குளிர்ப்பெட்டி எல்லாம் பிளாஸ்டிக்தான். இத்தொழிலை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. நம் மாணவர்களிலேயே சிலர் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறீர்கள். ஒரு நாளில் மூடு என்றால் முதலில் தெருவுக்கு வருவது முதலாளி அல்ல.

ஆனால் இந்த நியாயத்துக்கு வரலாற்றில் ஒரு பதில் ஏற்கெனவே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஓசோன் படலம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? குளிர்சாதனப் பெட்டியில் பயன்பட்ட குளோரோ புளோரோ கார்பன் அந்தப் படலத்தை அரித்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் மடையையே அடைத்தார்கள். வாயுவை ஒழுங்காகக் கையாளுங்கள் என்று அறிவுரை சொல்லவில்லை, உற்பத்தியையே படிப்படியாக நிறுத்தினார்கள். அப்போதும் இந்தியா உடனே சேரவில்லை. மாற்றுத் தொழில்நுட்பத்துக்குப் பணம் யார் தருவது என்று கேட்டது. 1990-இல் லண்டனில் கூடி, வளரும் நாடுகளுக்கு உதவத் தனி நிதியத்தை ஏற்படுத்தினார்கள். 1992-இல் இந்தியா சேர்ந்தது. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் கிடைத்தது. 2010-க்குள் அந்த வாயுவின் உற்பத்தி ஏறத்தாழ உலகம் முழுக்க நின்றது. குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் போய்விட்டதா? இல்லை. முன்பைவிட அதிகம் பேர் வீட்டில் இருக்கிறது. ஓசோன் படலமும் மெல்ல மெல்லத் தேறி வருகிறது.

பணமும் அவகாசமும் கேட்பது வேறு, மடையைத் தொடாதே என்பது வேறு. முதலாவதைக் கேட்டு வென்ற அனுபவம் இந்தியாவுக்கே இருக்கிறது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இதுதான்.

ஒருமித்த கருத்து என்கிற விஷயத்தையும் பார்த்துவிடுவோம். பாரிஸ் கூட்டம் ஐந்து நாள். அதில் ஏறத்தாழ இரண்டு நாள், முடிவு எட்டாதபோது வாக்கெடுப்பு வைக்கலாமா கூடாதா என்ற விவாதத்திலேயே போயிற்று. வாக்கெடுப்பு வேண்டாம் என்றவர்களில் இந்தியாவும் உண்டு. ஊர்த் திருவிழாவுக்கு வரி போடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒப்பிப் போடுவதுதான் அழகு. பெரும்பான்மை என்று சொல்லிச் சின்னக் குடும்பங்களை அமுக்கிவிடக்கூடாது. ஆனால் ஒரே ஒரு பெரிய வீடு ஒப்பவில்லை என்பதற்காக வருடா வருடம் தேரை நிலையிலேயே நிறுத்தி வைத்தால், அது ஒற்றுமை இல்லை. அந்த ஒரு வீட்டின் ஆட்சி. ஜெனிவாவில் நடந்தது இரண்டாவது வகை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வடம் பிடித்தும் தேர் நகரவில்லை.

மலை என்ன சொல்லித்தருகிறது?

சிக் ஷாம்புவின் காலி பாக்கெட் திட்டத்தை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? காலிப் பாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தவரை பிள்ளைகள் அதைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அதேபோல் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த பாட்டில்கள் பெருமளவு கடைக்கே திரும்பின. அது கண்ணாடிதான், பிளாஸ்டிக் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். குடித்தவர்கள் ஒரே இரவில் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் ஆகிவிடவில்லை. விற்பவர் திரும்ப வாங்கியே ஆக வேண்டும் என்று விதி வந்தது, அவ்வளவுதான்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் தமிழர் என்று பெருமைப்படலாம். ஆனால் எத்தனை சாலை போட்டாலும் ஆண்டுக்கு 46 கோடி டன்னை விழுங்கும் சாலை உலகத்தில் இல்லை. வயலில் இறைக்கும் ஏற்றத்தில் அதுவும் ஒன்று. நல்ல ஏற்றம், ஆனால் மடை ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கில் கலக்கும், அல்லது பிளாஸ்டிக்கில் காணப்படும் வேதிப்பொருட்கள் 16,000-க்கும் மேல் என்று 2024-இல் வெளியான ஆய்வறிக்கை பட்டியலிட்டது. அவற்றில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை உடலுக்கோ சுற்றுச்சூழலுக்கோ கவலை தரக்கூடியவை. எந்த உறையில் எது இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. குளிர்காலத்தில் அடுப்பு பற்றவைக்கப் பாலிதீன் உறையை வைக்கும் வழக்கம் நம் மலை வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் புகை குழந்தையின் நுரையீரலுக்குள் போகிறது. ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

ஜெனிவாவோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பேச்சுவார்த்தை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, கைவிடப்படவில்லை. கடல் சட்ட உடன்படிக்கை பேசி முடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1973-இல் தொடங்கி 1982-இல்தான் முடிந்தது. நம் மாநிலமும் நீலகிரி காட்டிய வழிக்கு வரப் பதினெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. வந்தது அல்லவா?

இனி உங்களுக்கு வீட்டுப்பாடம். மலையில் கடை வைத்திருப்பவர்கள் ஒரு மாதத்தில் எந்த நிறுவனத்தின் உறை அதிகமாகக் குப்பையில் சேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாழவந்திநாடு, அரியூர்நாடு, சேளூர்நாடு, வளப்பூர்நாடு என்று எந்த ஊராட்சியானாலும் சரி, கிராமசபைக் கூட்டத்தில் அந்தக் கணக்கை எழுத்தில் கொடுத்து, உறையை விற்பவரே திரும்ப எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போடக் கேளுங்கள். உற்பத்தியாளர் பொறுப்பு என்பது 2016 விதிகளிலேயே இருக்கிறது. நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. தொழிற்சாலைகளில் இருக்கும் பிள்ளைகள், மாற்றுப் பொருளுக்கு மாற உங்கள் தொழிலுக்கு எவ்வளவு காலமும் பணமும் வேண்டும் என்று எழுதுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் பேசுவது உங்கள் வயிற்றில் அடிப்பதாகிவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள், உங்கள் ஊரில் காலிப் பாட்டிலைத் திரும்ப எடுக்கும் முறை எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள்.

எல்லோரும் கீழே கருத்தில் எழுதுங்கள். வழக்கம்போல எழுத்துப் பிழையையும் சேர்த்தே திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்
கொல்லிமலை